இரண்டாவது குவளை

கடிதத்தில் குற்றம் ஒரே வரியில் இருந்தது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி மாலை நாலரை மணிக்கு, யோலானின் மதுக்கடையில், மதகுக் காவலர் கார்தோஷ் வெந்தெல் தன் பீர்க் குவளையை இன்னொரு பீர்க் குவளையோடு மோதியிருக்கிறார்.

வெந்தெல் அதை மதகின் மேல் நின்று படித்தார். மறுபடி படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். வரி மாறவில்லை.

மோதியது உண்மைதான்.

ஹங்கேரியில் வைன் கோப்பையை மோதலாம். பழச்சாராயக் கோப்பையை மோதலாம். பீர்க் குவளையை மோதக் கூடாது. 1849இல் பதின்மூன்று ஹங்கேரியத் தளபதிகளைக் கொன்றுவிட்டு வியன்னாக்காரர்கள் பீர்க் குவளைகளை மோதிக் கொண்டாடினார்களாம். அதனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பீரை மோதுவதில்லை என்று சபதம். யார் எங்கே சபதம் செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். 1999இல் கெடு முடிந்தது. அதற்குப் பிறகும் திஸாகெரேக் ஊரில் குவளையை மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் குடித்தார்கள். யாராவது மறந்து மோதிவிட்டால் பக்கத்து மேசைக்காரர் உச்சுக்கொட்டுவார். இதுவரை அதற்குத் தண்டனை அவ்வளவுதான்.

கடிதத்தின் அடியில் தேசிய விழிப்பு அலுவலகத்தின் முத்திரை இருந்தது. நூற்றைம்பது ஆண்டு என்பது குறைந்தபட்ச அளவு என்றும், அதிகபட்சம் இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை என்றும் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. குற்றம் உறுதியானால் அரசுப் பணியிலிருந்து நீக்கம். நீக்கப்பட்டவர் அரசு வீட்டைப் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்.

வீடு மதகுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு அறை, ஒரு கொடிமுந்திரிப் பந்தல். ஓய்வு பெறும்வரை பணியில் இருந்தால் சாகும்வரை அதில் இருக்கலாம். வெந்தெலுக்கு இன்னும் பதினாறு மாதம் இருந்தது.

மனைவி மார்த்தா கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"யாரு எழுதிப் போட்டிருப்பா?"

"தெரியல."

"அன்னைக்குக் கடையில யாரெல்லாம் இருந்தாங்க?"

"எல்லாரும் இருந்தாங்க."

"அப்போ எல்லாரும்தான்" என்றாள் மார்த்தா.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, மார்த்தாவுக்குக் குணமாகிவிட்டது, இனி மருத்துவமனைக்கு வர வேண்டியதில்லை என்று பெரிய மருத்துவர் எழுதிய தாள் வந்தது. அதை எடுத்துக்கொண்டு செவிலி எமோக்கெ சைக்கிளில் நேராக மதுக்கடைக்கு வந்தாள். அவள் மூன்று ஊருக்கு ஒரே செவிலி. எட்டு மாதம் தினமும் வந்து மார்த்தாவுக்கு ஊசி போட்டவள். வெந்தெல் தாளைப் படித்தார். அவளுக்கு ஒரு பீர் வாங்கித் தந்தார். அவர் கை தானாக நீண்டது. அவள் கையும் நீண்டது. டிங் என்று ஒரு சத்தம்.

*

அலுவலகம் பழைய மழலையர் பள்ளியில் இருந்தது. குழந்தைகள் போதவில்லை என்று பள்ளியை மூடியிருந்தார்கள். குழந்தைகள் குறைவதைத் தடுப்பது அலுவலகத்தின் நோக்கங்களில் ஒன்று. ஐரோப்பிய நிதியில் புதுப்பிக்கப்பட்ட கட்டடம் என்று சொல்லும் நீலப் பலகை வாசலில் இருந்தது. பலகையைக் கழற்றினால் நிதியைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதால் அதன் மேல் தேசியக் கொடியைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் பலகை தெரியும். அதற்கென்று ஒரு காவலர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விசாரிக்கப்படுபவர்களுக்குப் பள்ளியின் பழைய நாற்காலிகளே இருந்தன. வெந்தெல் வாத்துப் படம் போட்ட நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். எதிரே பெரிய நாற்காலியில் மாவட்ட விழிப்பு அதிகாரி தொரோந்தாலி. அறுபது வயது. நன்றாக இஸ்திரி போட்ட சட்டை.

"மோதினீங்களா?"

"மோதிட்டேன். சந்தோஷத்துல."

"குறிச்சுக்கிறேன். தேசத்தை மறக்கிற அளவு சந்தோஷம்." எழுதினார். "யாரோட?"

வெந்தெல் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"திரு. கார்தோஷ், ஒரு மோதலுக்கு ரெண்டு குவளை வேணும். அது பௌதிகம். ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு?"

"தகவல் கொடுத்தவரைக் கேளுங்களேன்."

"அவரு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாரு. சத்தத்தைக் கேட்டாரு, உங்க குரலைக் கேட்டாரு. திரும்பிப் பார்க்கல. தேசத்துக்கு நடக்கிற அவமானத்தைக் கண்ணால பார்க்கத் தாங்கலையாம். கடையில இருந்த மத்தவங்களும் எதையும் பார்க்கலையாம்."

"சத்தம் வேற ஏதாவதா இருக்கலாமே?"

"நீங்கதான் மோதினேன்னு சொல்லிட்டீங்களே."



தொரோந்தாலி இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ஆவணக் கோப்பை எடுத்தார். அட்டையில் வேறொரு நாட்டின் சின்னம் இருந்தது. நாடு இதேதான். சின்னம்தான் பழையது.

"ஜூன் 1983. கால்வாய்த் திறப்பு விழா. மாவட்டக் கட்சிச் செயலாளர் தன் பீர்க் குவளையை உங்ககிட்ட நீட்டினாரு. நீங்க மோதல. மேசையில தட்டிட்டுக் குடிச்சீங்க. 'தேசியவாதத் திரிபு'ன்னு பதிவாகியிருக்கு. நீரேற்று நிலையத்துலேருந்து உங்களை இந்த மதகுக்கு அனுப்பினாங்க."

வெந்தெல் எட்டிப் பார்த்தார். அந்தக் கையெழுத்தை அவர் பார்த்திருந்தார். சற்று முன்புதான்.

"இது உங்க எழுத்தா?"

"ஆமா. அப்போ நான் பயிற்சியில இருந்தேன். எழுத்து அழகா இருக்கில்ல? இப்போ கொஞ்சம் நடுங்குது."

"அப்போ மோதாததுக்குத் தண்டிச்சீங்க."

"ஆமா."

"இப்போ மோதினதுக்கு."

"ஆமா. ரெண்டு தடவையும் நீங்க தப்பான பக்கம் இருந்திருக்கீங்க. நான் ரெண்டு தடவையும் மேசைக்கு இந்தப் பக்கம். யாருகிட்ட உறுதி இருக்குன்னு நீங்களே யோசிங்க." தொரோந்தாலி கோப்பைப் பரிவோடு தடவினார். "என்னைச் சிலர் பழைய ஆளுன்னு சொல்றாங்க. ஆமா, பழைய ஆளுதான். அன்னைக்கு மக்களை தேசத்துகிட்டேருந்து காப்பாத்தினேன். இன்னைக்கு தேசத்தை மக்கள்கிட்டேருந்து காப்பாத்தறேன். அனுபவம் வீண்போகல. போயிட்டு வாங்க. அடுத்த தடவை வரும்போது இரண்டாவது குவளையோட வாங்க."

*

மதுக்கடையில் இடம் மாறியிருந்தது. எல்லோரும் சுவரில் முதுகு வைத்து உட்கார்ந்தார்கள். யாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அவன்தான் தகவல் கொடுத்தவன் என்று ஆகிவிடும். நடுவில் இருந்த மேசைகள் காலியாகக் கிடந்தன.

"வாங்கண்ணே" என்றாள் கடைக்காரி யோலான். "பீரா, இல்ல புத்தி வந்துடுச்சா?"

"பீர்."

அவள் குவளைக்கு மூவண்ணக் கம்பளி உறை மாட்டிக் கொண்டுவந்தாள். மோதினாலும் சத்தம் வராமலிருக்க மதுக்கடைகளுக்கு உறை கட்டாயம் என்று உத்தரவு வந்திருந்தது. மாவட்டம் முழுவதற்கும் உறை தைத்துத் தரும் பொறுப்பு மேயரின் மைத்துனருக்குக் கிடைத்தது. உறைக்குள்ளே ஒரு சின்னத் துணிச் சீட்டில் சீன எழுத்து இருந்தது. யோலான் உட்கார்ந்து நாள் முழுக்க அந்தச் சீட்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். வெட்டாமல் விட்டாலும் குற்றம். வெட்டுவதை யாராவது பார்த்தாலும் குற்றம்.

"யாருன்னு நினைக்கிற?" என்று கேட்டார் வெந்தெல், குரலைத் தாழ்த்தி.

"நான் நீங்கன்னு நினைச்சேன்."

"நானா? என்னை நானே மாட்டிவிடுவேனா?"

"சந்தேகம் வராம இருக்க அதுதானேண்ணே நல்ல வழி? முடிவெட்டுறவரும் அதையேதான் சொன்னாரு. அவரைத்தான் நான் சந்தேகப்பட்டேன். அவரு பாதிரியாரைச் சந்தேகப்படுறாரு. பாதிரியாரு பாவமன்னிப்புக் கேட்க வர்றவங்ககிட்ட, மத்தவங்க என்ன சொன்னாங்கன்னு விசாரிக்கிறாராம்."

எமோக்கெ அன்று மாலை மதகுக்கு வந்தாள். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"மாமா, நானே போய்ச் சொல்லிடறேன். என்ன பண்ணிடுவாங்க?"

"வேலையை விட்டுத் தூக்குவாங்க."

"தூக்கட்டும். வியன்னாவுல செவிலிக்கு அலையறாங்க. மூணு மடங்கு சம்பளம்."

"சத்தமாப் பேசாதடி. வியன்னான்னு வேற சொல்ற." வெந்தெல் கரையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கொக்கு நின்றது. "நீ போயிட்டா மூணு ஊருக்கும் ஊசி யாரு போடுறது? தொரோந்தாலியா?"

"அவரு போட்டா ஆளு செத்துதான் போவாங்க" என்றாள். சிரித்தாள். பிறகு அவளும் சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

*

மே மாதம் புதாபெஸ்டிலிருந்து ஒலி வல்லுநர் வந்தார். ஜெர்மன் காரில், ஜப்பான் கருவியோடு. மதுக்கடையை மூடிவிட்டு, உறை கழற்றிய குவளைகளை இரண்டு நாள் மோதிப் பார்த்தார். அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி அவருக்கு இருந்தது. தெருவில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். பொத்தாமல் போனவர்களின் பெயரைக் கொடிக் காவலர் குறித்துக்கொண்டார்.

தகவல் கொடுத்தவர் பள்ளி வகுப்பறையில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒலிப்பதிவுகளைக் கேட்டு, அன்று கேட்ட சத்தம் இதுதான் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வல்லுநர் அறிக்கை கொடுத்தார். இரண்டாவது குவளை இடது கையில் இருந்தது.

எமோக்கெ இடது கைக்காரி.

ஊரிலிருந்த இடது கைக்காரர்களின் பட்டியல் தயாரானது. ஏழு பேர். பட்டியல் வரப்போகிறது என்று தெரிந்த அன்றே ஊர் வலது கைக்கு மாறியது. கோயில் மணியடிப்பவர் வலது கையால் கயிற்றை இழுத்தார். மணி தாறுமாறாக அடித்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து மூன்று பேர் கறுப்புடையில் வந்தார்கள். கால்பந்து அணியின் கோல் காப்பாளன் இடது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நின்று பதினோரு கோல் வாங்கினான். எமோக்கெ வலது கையால் ஊசி போட்டாள். யோலானின் தம்பிக்குத் தோள் வீங்கியது.

ஏழு பேரையும் அகர வரிசையில் கூப்பிட்டார்கள். எமோக்கெ நான்காவது. மூன்றாவது ஆள் உள்ளே இருந்தபோது வெந்தெல் அலுவலகத்துக்கு நடந்தார். எமோக்கெ தாழ்வாரத்தில் யானைப் படம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெந்தெல் அவளைப் பார்க்காமல் நேராக உள்ளே போனார்.

"சொல்லிடறேன்" என்றார். "அந்த இன்னொரு குவளை."

தொரோந்தாலி மூன்றாவது ஆளை வெளியே அனுப்பினார். தட்டச்சுப் பலகையை இழுத்துக்கொண்டார். "சொல்லுங்க. குடும்பப் பெயர் முதல்ல."

"பல்லா. பல்லா மென்யேர்த்."

பல்லா மென்யேர்த் டிராக்டர் பழுதுபார்ப்பவர். இடது கைக்காரர். ஆறு வருஷத்துக்கு முன்பு இறந்துவிட்டார். செத்தவருக்கு வேலை போகாது, வீடு போகாது. வெந்தெல் அதற்கு மேல் யோசித்திருக்கவில்லை.

தொரோந்தாலி தட்டச்சு செய்தார். கணினித் திரையைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சி மெல்லப் போனது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இவரா?"

"அவருதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா? இவரு அரசு வீட்டுக்கு வீடு அனுப்பின தேசியக் கேள்வித்தாள் பதினொண்ணுக்கும் பதில் அனுப்பியிருக்காரு. கடைசியா போன மாசம்."

"அவரு... செத்துட்டாருங்களே."

"பார்த்துப் பேசுங்க. செத்தவங்க ஓட்டுப் போடமாட்டாங்க. இவரு போன தேர்தல்ல காலையில ஆறு மணி அஞ்சு நிமிஷத்துக்குப் போட்டிருக்காரு. மாவட்டத்துலயே மொத ஆளு."

"அப்போ உயிரோட இருக்காரு. மோதினாரு."

"மோதினா அவரு துரோகி. துரோகி ஓட்டை வாங்கித்தான் நாங்க ஜெயிச்சோம்னு ஆகும்."

"அப்போ செத்துட்டாரு."

"செத்துட்டா அதைவிட மோசம்."

தாழ்வாரத்தில் எமோக்கெ இருமினாள்.

"இந்த மாவட்டத்துல இவரு மாதிரி இருநூத்துப் பத்து பேர் இருக்காங்க" என்றார் தொரோந்தாலி. இப்போது அவர் குரலில் அதிகாரம் இல்லை, ஒருவிதக் கனிவு இருந்தது. "புலம்ப மாட்டாங்க. மருத்துவமனை கேட்க மாட்டாங்க. சாலை கேட்க மாட்டாங்க. வெளிநாட்டுக்கு ஓட மாட்டாங்க. எது கேட்டாலும் ஆமாம்னுதான் பதில். தேசம்னு நான் சொல்றப்போ என் மனசுல வர்றது இவங்கதான், திரு. கார்தோஷ். உங்களை மாதிரி ஆளுங்க இல்ல. இவங்கள்ல ஒருத்தரை நான் விட்டுக்கொடுக்க முடியாது."

அவர் புதிதாக ஒரு தாளைத் தட்டச்சு செய்து நீட்டினார். மூன்று வாக்கியம் இருந்தது.

*ஏப்ரல் ஒன்பதாம் தேதி நானும் திரு. பல்லா மென்யேர்த்தும் பீர் குடித்தோம். அவர் நல்ல உடல்நலத்துடன் இருந்தார். குவளைகள் மோதவில்லை.*

"கையெழுத்துப் போட்டா வழக்கு முடிஞ்சது. வீடு உங்களோடது. மத்தவங்களையும் கூப்பிட மாட்டேன்."

வெந்தெல் இரண்டாவது வாக்கியத்தில் நின்றார். பல்லாவின் மனைவி தெர்க்காவை நினைத்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

*

பல்லாவுக்கு இரண்டு பதிவேடு இருந்தது. அலுவலகத்தின் பதிவேட்டில் உயிரோடு இருந்தார். நகராட்சிப் பதிவேட்டில் இறந்திருந்தார். ஆறு வருஷம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. வெந்தெலின் கையெழுத்து நகராட்சிப் பதிவேட்டைத் திருத்தியது.

அக்டோபரில் விதவைகளுக்கு நகராட்சி விறகு கொடுக்கும். தெர்க்காவின் வாசலில் வண்டி நிற்கவில்லை. அவள் மதகுக்கு வந்தாள். அறுபத்தெட்டு வயது, கனத்த உடம்பு. கரையேறி வந்ததில் மூச்சு வாங்கியது. வாங்கி முடிக்கும்வரை வெந்தெலை முறைத்துக்கொண்டே நின்றாள்.

"எங்க அவரு?"

"யாரு, அக்கா?"

"என் புருஷன்யா. நீ கூட உட்கார்ந்து பீர் குடிச்சியாமே. நகராட்சியில உன் கையெழுத்தைக் காட்டுறானுங்க. புருஷன் உயிரோட இருக்கிறவளுக்கு விறகு கிடையாதாம், அவரே வெட்டித் தருவாராம். ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம கல்லறைக்குப் பூ வாங்கிட்டுப் போறேன். ஆளு இங்க உன்கூடப் பீர் குடிச்சிட்டு இருந்திருக்காரு. நல்ல உடம்போட வேற!"

"அக்கா, அது வந்து..."

"வரட்டும். அவரைத்தான் வரச் சொல்றேன். வந்து விறகு வெட்டச் சொல்லு."

மார்த்தா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். வெளியே வரவில்லை. வெந்தெல் உள்ளே போனபோது கோடாலி கதவுப் பக்கத்தில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

அதிலிருந்து வாரம் நான்கு நாள் அவர் தெர்க்காவின் முற்றத்தில் விறகு வெட்டினார். தெர்க்கா முதல் வாரம் அவரோடு பேசவில்லை. இரண்டாவது வாரம், "கட்டையை இப்படியா வைக்கிறது" என்றாள். மூன்றாவது வாரம் சூப் கொடுத்தாள்.

நவம்பரில் ஒரு காலை, அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மாவட்டத் தலைநகரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவள், ஊரில் யாரையும் தெரியாது. வேலிக்கு வெளியே நின்று கையிலிருந்த தாளைப் பார்த்தாள், பிறகு கோடாலியோடு நின்றவரைப் பார்த்தாள்.

"திரு. பல்லா மென்யேர்த்?"

வெந்தெல் தெர்க்காவைப் பார்த்தார். தெர்க்கா விறகுக் குவியலைப் பார்த்தாள். பாதிதான் வெட்டியிருந்தது. குளிர் முழுசாக வரவேண்டியிருந்தது.

"அவருதான்" என்றாள். "காது கொஞ்சம் மந்தம். சத்தமாப் பேசும்மா."

"ஐயா! உங்களை நேர்ல பார்க்கணும்னு இருந்துச்சு!" என்று கத்தினாள் அந்தப் பெண். "உங்களைப் பத்தி அலுவலகத்துல எவ்வளவு பெருமையாப் பேசுறாங்க தெரியுமா! ஒரு சின்ன உதவி. மதகுல கார்தோஷ் வெந்தெல்னு ஒரு காவலர் இருக்காராமே?"

வெந்தெல் கோடாலியைக் கட்டையில் ஊன்றினார். "இருக்காரு."

"நாலு தடவை போயிட்டேன். ஆளே இல்ல. அரசு வீட்டுல குடியிருக்கிறவங்க உண்மையிலேயே இருக்காங்களான்னு சரிபார்க்கிறோம். இன்னைக்கு மாலைக்குள்ள உறுதியாகலைன்னா, ஆள் இல்லாத வீடுன்னு எழுதிடுவேன். வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க."

"அவரு மனைவி வீட்டுல இருந்திருப்பாளே?"

"இருந்தாங்க. புருஷன் வெளியே போயிருக்காருன்னாங்க. குடும்பத்துல உள்ளவங்க சொன்னா செல்லாதுங்க. நம்பிக்கைக்குரிய குடிமகன் யாராவது எழுதித் தரணும்." அவள் தாளையும் பேனாவையும் வேலிக்கு மேலாக நீட்டினாள். "நீங்க எழுதிட்டா மறுபேச்சே கிடையாது."

"நான் இப்பவே அவரைக் கூட்டிட்டு வந்து காட்டட்டுமா?"

"எதுக்குங்க சிரமம். வந்து நின்னா அடையாள அட்டை, பழைய கோப்பு எல்லாம் பார்க்கணும். உங்க கையெழுத்து போதும்."

வெந்தெல் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். தாளை விறகின் மேல் வைத்தார். கார்தோஷ் வெந்தெல் உயிரோடு இருக்கிறார் என்று எழுதி, கீழே பல்லா மென்யேர்த் என்று கையெழுத்துப் போட்டார். பெண் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஆளு எப்படின்னு ஒரு வரி சேர்த்துடுங்க ஐயா. அந்தக் கட்டம் காலியா இருக்கக் கூடாது."

வெந்தெல் வெகுநேரம் யோசித்தார். தெர்க்கா சூப் ஆறுகிறது என்றாள்.

பிறகு எழுதினார்: யாரோடும் குடிப்பதில்லை.